கடைசிப் பந்தியிலிருந்து: கலஹாரியைக் கடக்கும் குழு சைக்கிள் பயணம், ஒரு மதிப்புரை

கெய்ரோவில் தொடங்கி கேப்டவுன் வரை ஆப்பிரிக்காவை நெடுக்காகக் கடக்கும் குழு சைக்கிள் பயணங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகமாக ஓட்டுகிறவர்கள். மத்தியானமே முகாமுக்கு வந்து, குளித்து, துணியைக் காயப்போட்டு, நிழலில் உட்கார்ந்து எழுத அவர்களுக்கு நேரம் இருக்கிறது. நான் பொழுது சாயும்போது வந்து சேருகிற ரகம். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருகிறவருக்குத்தான் அந்த வீட்டுச் சமையல் கணக்கு எப்படி என்று சரியாகத் தெரியும். பாயசம் மிஞ்சியிருக்கிறதா, ரசத்தில் தண்ணீர் சேர்த்துவிட்டார்களா என்பதெல்லாம் முதல் பந்திக்குத் தெரியாது. இந்த மதிப்புரையை அந்த இடத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

நான் போட்ஸ்வானாவில், கபரோனில், கணக்கு டீச்சர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. காற்று இல்லாத சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் ஓட்டுவேன். எதிர்காற்று அடித்தால் 16. முழுப் பயணம் போக நான்கு மாத விடுப்பும் அதற்கேற்ற பணமும் வேண்டும், இரண்டும் என்னிடம் இல்லை. இந்த ஏற்பாட்டில் ஒரு துண்டை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்பதால், முதல் பருவ விடுமுறையில் மவுன் ஊரில் குழுவோடு சேர்ந்து, நமீபியாவின் தலைநகர் வின்ட்ஹூக்கில் விலகிக்கொண்டேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. குறைகள் சொல்லப்போகிறேன், அவர்கள் பக்கத்து விளக்கத்தை நான் கேட்டு வாங்கவில்லை. பெயர் இல்லாமலே இது உங்களுக்குப் பயன்படும். இந்த வகைப் பயணங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே முறையில்தான் நடக்கின்றன.

யானை பார்த்தாயா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. போட்ஸ்வானாவில் சுமார் 1,30,000 யானைகள் இருக்கின்றன, வேறெந்த ஆப்பிரிக்க நாட்டிலும் இத்தனை கிடையாது. ஆனால் அவை வடக்கே, காசுங்குலாவிலிருந்து நாட்டா வரும் சாலையோரத்தில். அந்தப் பகுதியை ஓட்டிவிட்டு வந்தவர்கள் யானைக்கூட்டம் சாலையைக் கடக்கும்வரை காத்து நின்ற கதையைத் தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது மாடு, கழுதை, நெருப்புக்கோழி, அப்புறம் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் காட்டுப்பன்றிகள்.

காசு கொடுத்து நாம் வாங்குவது என்ன? சைக்கிள் நம்முடையது, மிதிக்கிற காலும் நம்முடையது. அவர்கள் தருவது இரண்டு லாரி, ஒரு சமையல்காரர், ஒரு மெக்கானிக், ஒரு நர்ஸ், வழி சொல்லும் ஆள், மூன்று வேளைச் சாப்பாடு, தண்ணீர், ராத்திரி கூடாரம் போட ஒரு இடம். கூடாரம் நாமே கொண்டுவர வேண்டும், நாமே போட்டு நாமே மடிக்க வேண்டும். முறை வைத்துப் பாத்திரமும் கழுவ வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஆகும் கட்டணத்தில் மவுனில் ஒரு நல்ல லாட்ஜில் அறை எடுத்து, காலையில் காபியும் குடிக்கலாம். "காசு கொடுத்து வெயிலில் பாத்திரம் கழுவப் போகிறாயா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான்.

பதில் அந்த நாட்டின் நிலவமைப்பில் இருக்கிறது. போட்ஸ்வானாவின் பரப்பு தமிழ்நாட்டைப் போல நாலு மடங்குக்கும் மேல், மக்கள் தொகையோ சுமார் 25 லட்சம்தான். அந்த மக்களும் பெரும்பாலும் கிழக்கு ஓரத்தில் இருக்கிறார்கள். மேற்கே கலஹாரிப் பாலைவனப் பக்கம் வந்தால் ஒரு பெட்டிக்கடையிலிருந்து அடுத்த பெட்டிக்கடைக்கு ஒரு நாள் மிதிக்க வேண்டியிருக்கும். தனியாகப் போகிறவர் ஏழெட்டு லிட்டர் தண்ணீரைச் சுமந்தாக வேண்டும். காசிமியெர்ஸ் நோவாக் என்ற போலந்துக்காரர் 1931-இல் திரிப்போலியில் தொடங்கி, 1936 வரை, சைக்கிளிலும் கால்நடையாகவும் குதிரையிலும் ஒட்டகத்திலும் படகிலுமாக ஆப்பிரிக்காவை மேலிருந்து கீழ்வரை போய்த் திரும்பவும் மேலே வந்தார், சுமார் 40,000 கிலோமீட்டர். ஊர் திரும்பிய மறு ஆண்டே இறந்தும் போனார். மார்க் போமான்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 2015-இல் கெய்ரோவிலிருந்து கேப்டவுனுக்குச் சைக்கிளில் சுமார் 42 நாட்களில் வந்துவிட்டார். நான் இந்த இரண்டு ஜாதியும் இல்லை. எனக்கு லாரி வேண்டும்.

எல்லா நாளையும் எழுதினால் உங்களுக்கு அலுத்துவிடும். ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன்: கான்சியிலிருந்து நமீபிய எல்லை வரை, 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தப் பகுதியிலேயே நீளமான நாள் இதுதான். ஏற்பாட்டில் எங்கே ஓட்டை என்று பார்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

முந்தைய நாள் சாயங்காலம் கூட்டம் நடக்கும். இதை எந்த நாளும் விடமாட்டார்கள், அதை மெச்ச வேண்டும். ஒரு வெள்ளைப் பலகையில் மறுநாள் வழி முழுவதும் எழுதியிருக்கும்: எத்தனையாவது கிலோமீட்டரில் திருப்பம், எங்கே சாப்பாட்டு லாரி, எங்கே கடை, சாலையில் என்ன பழுது. எல்லோரும் போனில் படம் எடுத்துக்கொள்வோம். கான்சி நாளுக்கு அந்தப் பலகையில் இருந்ததே நாலு வரிதான். தெற்கே போ, டிரான்ஸ் கலஹாரி நெடுஞ்சாலை வந்ததும் வலது பக்கம் மேற்கே திரும்பு, எல்லை வரும்வரை நிறுத்தாதே. ஏறக்குறைய நாள் முழுவதற்கும் ஒரே திருப்பம். வழி தவற வாய்ப்பே இல்லாத நாளில்கூட, திருப்பத்தில் பளிச்சென்ற ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள்.

பலகையைப் பார்த்ததும் எனக்குக் கணக்குத்தான் ஓடியது. மே மாதத் தொடக்கத்தில் அங்கே சூரியன் உதிக்க ஆறே முக்கால் தாண்டிவிடும், மறைய ஆறு மணி சொச்சம். வெளிச்சம் சுமார் பதினொன்றே கால் மணி நேரம். 200 கிலோமீட்டரை மணிக்கு 20 வீதம் ஓட்டினால் பத்து மணி நேரம். சாப்பாடு, தண்ணீர், பஞ்சர், ஒதுங்குவது எல்லாவற்றுக்கும் மிச்சம் ஒன்றேகால் மணி. காற்று எதிரே திரும்பி வேகம் 18-க்கு இறங்கினால் மிச்சம் ஒன்றும் கிடையாது. இருட்டிய பிறகு யாரும் ஓட்டக்கூடாது, லாரி வந்து ஏற்றிக்கொள்ளும் என்பது விதி. நல்ல விதி, இரவில் சாலையில் மாடு நிற்கும் நாடு இது. மெதுவாக ஓட்டுகிற எங்கள் நாலைந்து பேரை மட்டும் விடியலுக்கு அரைமணி முன்னால், பின்னால் ஒரு வண்டி விளக்குப் போட்டு வர, அனுப்பலாமா என்று கேட்டேன். முடியாது, எல்லோரும் வெளிச்சம் வந்த பிறகு ஒரே நேரத்தில்தான் கிளம்ப வேண்டும் என்றார்கள். இரண்டே வண்டி இருப்பதால் ஒன்றை எங்களோடு அனுப்பினால் சாப்பாடு போய்ச் சேராதாம். அப்படியானால் மூன்றாவது வண்டி வேண்டும் என்றுதானே அர்த்தம்?

சமையல்காரரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கென்யாக்காரர். ஒரு லாரியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் அதுதான் அடுப்படி. அதில் முப்பதுக்கும் மேற்பட்ட பேருக்கு ராத்திரிச் சாப்பாடும், விடிவதற்கு முன் கஞ்சியும் காபியும் தயாராகிவிடும். ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், முட்டை. குளிர் எட்டு, ஒன்பது டிகிரிக்கு இறங்கிய காலையில் அந்தக் கஞ்சியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராத்திரி மாட்டிறைச்சி அதிகம், கான்சி மாட்டுப் பண்ணைகளின் ஊர் என்பதால் அங்கே அது மலிவும்கூட. மவுனிலிருந்து வரும் வழியில் கூக்கே என்ற இடத்தில் கால்நடை வேலி குறுக்கிடும். கோமாரி நோய் பரவாமலிருக்க 1950-களில் போட்டது. ஐரோப்பாவுக்கு இறைச்சி ஏற்றுமதி செய்கிற நாடு என்பதால் இந்த விஷயத்தில் கண்டிப்பு அதிகம். அங்கே வாகனச் சக்கரமும் நம் செருப்பும் மருந்துத் தண்ணீரில் நனைந்துதான் தாண்ட வேண்டும், பச்சை இறைச்சி கொண்டுபோகக் கூடாது. ஆகவே அதற்கு முந்தைய இரவு எங்களுக்குக் கறி விருந்தாக இருந்தது, காலி செய்தாக வேண்டுமே.

நான் கறி சாப்பிடுவதில்லை. சைவம் என்று படிவத்தில் எழுதினால் சைவம் கிடைக்கிறது, அதில் ஏமாற்று இல்லை. ஆனால் எல்லா நாளும் அவரை அல்லது பயறு, தக்காளிக் குழம்பில், மக்காச்சோளக் களியோடு. எனக்குக் களி பிடிக்கும், கபரோனிலும் அதைச் சாப்பிடுகிறேன். சிக்கல் அளவில்தான். கறிக்காரர்களும் "அதிலும் கொஞ்சம் போடுங்கள்" என்று ஒரு கரண்டி வாங்கிக்கொள்வார்கள். நான் பாத்திரத்தை எட்டிப் பார்க்கும்போது அடியில் குழம்பு மட்டும் இருக்கும். சமையல்காரரிடம் சொன்னேன். அன்றிலிருந்து ஒரு டப்பாவில் என் பங்கை முதலிலேயே எடுத்து, மூடியில் என் கூடார எண்ணை எழுதி வைத்துவிட்டார். இந்த மனிதருக்காகவே ஒரு நட்சத்திரம் கூடுதலாகத் தருகிறேன். ஊறுகாய் பாட்டில் கொண்டுபோங்கள், பெட்டியில் எடை பார்க்கமாட்டார்கள்.

கான்சியில் முந்தைய நாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் மக்வின்யா போட்டுக்கொண்டிருந்தார். மைதா மாவைப் புளிக்கவைத்து, உருட்டி, எண்ணெயில் பொரித்து எடுப்பது. "துமேலா, ம்மா" என்று சொல்லி, ஒரு காகிதப் பையில் வாங்கி முதுகுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். இது பின்னால் தேவைப்பட்டது.

அடுத்த நாள் காலை கிளம்பிய பத்து நிமிடத்தில் குழு மூன்றாகப் பிரிந்துவிட்டது. முதல் கூட்டத்தை அதற்கப்புறம் எல்லையில்தான் பார்த்தேன். நடுக்கூட்டம் ஒரு மணி நேரம் கண்ணுக்குத் தெரிந்தது. நாங்கள் பின்னால் நாலு பேர்: ஓய்வுபெற்ற டச்சுத் தம்பதி, கனடாவிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர், நான். இந்த நாலு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராகப் போனோம். முன்னால் போகிறவர் காற்றை வெட்டிக் கொடுப்பார். அவர் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் போனால் கால்வாசிக்கு மேல் உழைப்பு மிச்சம். ஐந்து நிமிடம் முன்னால் ஓட்டியவர் ஒதுங்கி வாலுக்குப் போக, அடுத்தவர் முன்னுக்கு வருவார். பின்னால் லாரி வந்தால் கடைசியில் இருப்பவர் கத்த வேண்டும், பள்ளமோ கண்ணாடித் துண்டோ கிடந்தால் முன்னால் இருப்பவர் கையால் காட்ட வேண்டும். இதையெல்லாம் மவுனில் சேர்ந்த அன்றே பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் சாலைக்கு அனுப்பினார்கள். நான் இந்தப் பயணத்திலிருந்து பெற்றதில் உருப்படியானது இதுதான் என்பேன். தனியாக 20 ஓட்டுகிற நான், முன்மதியம் முழுக்க 23, 24 ஓட்டினேன்.

சமதரைதானே, சுலபம்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கான்சியே கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அங்கிருந்து எல்லை வரை பெரிய ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. இறக்கம் இல்லையென்றால் மிதிக்காமல் உருளும் ஒரு நிமிடம்கூட இல்லை. எழுந்து நின்று மிதிக்கவும் காரணம் இல்லை. பத்து மணி நேரம் ஒரே வாட்டத்தில் உட்கார்ந்தால் மூன்றாவது மணியில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். ஹேண்டில்பாரில் உள்ளங்கையின் வெளி ஓரத்து நரம்பு அழுந்துவதால் வருவது. உட்காரும் இடத்தைப் பற்றிப் பெண்கள் யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன்: ஒவ்வொரு காலையும் களிம்பு தடவாமல் ஏறாதீர்கள், ஒரே கால்சட்டையை இரண்டாம் நாள் துவைக்காமல் போடாதீர்கள். நர்ஸிடம் களிம்பும் புண்ணுக்கு ஒட்டும் பட்டையும் இருந்தன, கேட்டால் கூச்சப்படுத்தாமல் கொடுத்தார். சைக்கிள் கழிவறையை ஏற்றிக்கொண்டு வராது. முகாமில் ஒரு மண்வெட்டி, கழிவறைக் காகிதம், தீப்பெட்டி. சாலையில் அதுவும் கிடையாது. புல் இடுப்பளவு உயரம் இருக்கிறது, அது போதும். கொண்டுபோக வேண்டியது ஒரு பெரிய துப்பட்டா. டச்சு அம்மாள் என் துப்பட்டாவைக் கடன் வாங்கிப் பழகி, வின்ட்ஹூக்கில் தனக்கென்று ஒரு துணி வாங்கிக்கொண்டார்.

பஞ்சர். கலஹாரி ஓரத்தில் கிடப்பது நம்மூர் நெருஞ்சிதான், தாவரவியல் பெயர்கூட அதே டிரிபுலஸ் டெரெஸ்ட்ரிஸ். சிறுவயதில் வெறுங்காலில் குத்திய அதே முள் இங்கே டயரில் குத்துகிறது. இன்னொன்று வேலமர வகையின் முள், அது விரல் நீளம். தார்ச்சாலையை விட்டு நிழலுக்காக ஓரம் ஒதுங்கும்போதுதான் இரண்டும் ஏறும். நிழலுக்கு ஒதுங்கினால் சைக்கிளை உருட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள் என்று மெக்கானிக் முதல் நாளே சொல்லியிருந்தார். பல் டாக்டர் உருட்டினார். எங்கள் நாலு பேரின் இருபது நிமிடம் அங்கே போனது. சாலையில் பஞ்சர் ஒட்டுவது நம் பொறுப்பு, முகாமுக்கு வந்த பிறகுதான் மெக்கானிக். அதுவும் அவர் செயின், கியர், பிரேக் பார்ப்பார். வெறும் டியூப் மாற்றக் கொண்டுபோனால் முகம் கோணும். நியாயம்தான், அவருக்கு முன்னால் வரிசையில் பத்து சைக்கிள் சாய்த்து வைத்திருக்கும்.

முதல் சாப்பாட்டு நிறுத்தம் 70 கிலோமீட்டர் சுமாருக்கு. நாங்கள் போனபோது நடுக்கூட்டம் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. ரொட்டி, சீஸ், வெள்ளரி, வேகவைத்த முட்டை, உப்புப் போட்ட உருளைக்கிழங்கு, எல்லாம் இருந்தன. கை கழுவாமல் மேசைப் பக்கம் போக முடியாது. ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் மருந்துத் தண்ணீர், பக்கத்தில் ஒரு ஆள் காவல். இத்தனை பேர் ஒரே மேசையில் கைவைக்கும்போது ஒருவருக்கு வயிறு கெட்டால் மூன்று நாளில் பாதிப் பேருக்குக் கெடும். நான் இருந்தவரை அப்படி எதுவும் வரவில்லை. இந்த வாளிகளுக்கு முழு மதிப்பெண்.

டிரான்ஸ் கலஹாரி நெடுஞ்சாலை 1998-இல் முடிந்தது. நமீபியாவின் வால்விஸ் பே துறைமுகத்தையும் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பக்கத்தையும் போட்ஸ்வானா வழியாக இணைக்கிறது. தார் நன்றாக இருக்கிறது. நீள டிரெய்லர் கோத்த லாரிகள் முழு வேகத்தில் வரும். எதிரே வரும் லாரியின் காற்று முகத்தில் ஒரு அறை அறையும், பின்னாலிருந்து வருவது முதலில் உள்ளே இழுத்து, அப்புறம் வெளியே தள்ளும். ஓட்டுநர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், நன்றாக விலகி, ஹாரன் அடித்துக் கையாட்டிவிட்டுப் போகிறார்கள். இரண்டு லாரி எதிரெதிரே ஒரே நேரத்தில் நம்மைக் கடக்கப்போவது தெரிந்தால் யோசிக்காமல் மண்ணில் இறங்கிவிட வேண்டும். நெருஞ்சி குத்தினால் குத்தட்டும்.

அதுவரை முதுகுப் பக்கம் இருந்த காற்று மத்தியானத்துக்கு மேல் வடமேற்குக்குத் திரும்பியது. நாலு பேர் வரிசை வைத்தும் 17-க்கு மேல் ஏறவில்லை. இரண்டாவது நிறுத்தத்துக்கு, பலகையில் 140 என்று எழுதியிருந்த இடத்துக்கு, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள். வாழைப்பழம் இல்லை. ஆரஞ்சு இல்லை. பிஸ்கட் பெட்டியில் தூள். தண்ணீர் இருந்தது, வெந்நீராக. காலையில் அந்த லாரியில் பனிக்கட்டிப் பெட்டி ஏறியதை நானே பார்த்தேன். முதலில் வந்தவர்கள் தலையிலும் கழுத்திலும் வைத்துத் தீர்த்துவிட்டார்கள். தலைக்கு எத்தனை பழம் என்று ஒரு எண் போட்டு வைத்தால் தீர்ந்துபோகிற விஷயம் இது, வகுத்தல் கணக்கு. கட்டணத்தில் எனக்கு யாரும் தள்ளுபடி தரவில்லையே. அங்கே இருந்த பணியாளரிடம் சொன்னேன். தோளைக் குலுக்கி, "கொஞ்சம் சீக்கிரம் வரப் பாருங்கள்" என்றார். காலையிலிருந்து வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தாரோ தெரியவில்லை. கான்சி அம்மாளின் மக்வின்யாவை நாலு பேருமாகப் பிய்த்துத் தின்றோம். ஆறிப்போய் ரப்பராக இருந்தது, அமிர்தம்.

அங்கிருந்து எங்களோடு கடைசிக் காவலர் சேர்ந்துகொண்டார். எல்லோருக்கும் பின்னால், யாரையும் தாண்டாமல் ஓட்டி வருவதே அவர் வேலை. கையில் செயற்கைக்கோள் போன் உண்டு. தென்னாப்பிரிக்கப் பையன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, நினைத்தால் ஒரு மணி நேரத்தில் எங்கள் கண்ணை விட்டு மறைந்துவிடக்கூடியவன். 16-இல் ஓட்டுவது அவனுக்கு எவ்வளவு அலுப்பாக இருந்திருக்கும்! காட்டிக்கொள்ளவே இல்லை. என் முறை வரும்போது தானே முன்னால் போய்க் காற்றை வெட்டினான். "ம்மா, இன்னும் இருக்கிற ஒவ்வொரு பத்து கிலோமீட்டருக்கும் ஒரு கணக்குக் கேளுங்கள்" என்றான். பின்ன வகுத்தல் கொடுத்தேன். பையன் தேறமாட்டான்.

நாலரை மணிக்கு லாரி திரும்பி வந்து, ஏறுகிறீர்களா என்று கேட்டது. டச்சுக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார், மனைவி ஏறவில்லை. இந்தக் குழுக்களில் ஒரு நாள்கூட லாரி ஏறாமல் முழு ஆப்பிரிக்காவையும் மிதித்தே தீர வேண்டும் என்று சிலர் இருப்பார்கள், அவர்களுக்கென்று தனி மரியாதையும் உண்டு. லாரி ஏறுவதில் எந்த அவமானமும் இல்லை என்று பணியாளர்கள் வாயால் சொல்வார்கள். ஆனால் ராத்திரிக் கூட்டத்தில் யார் முதலில் வந்தது, எத்தனை மணி நேரத்தில் என்று வாசித்துக் கைதட்டுவதும் அவர்கள்தான். குழுவில் பந்தயமாக ஓட்டப் பெயர் கொடுத்தவர்களுக்கு அது இருக்கட்டும். முழங்கால் வீங்கிய 68 வயதுக்காரர் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு அதைக் கேட்க வேண்டியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லைக்குச் சற்று முன்னால் சார்ல்ஸ்ஹில். பெட்ரோல் பங்க், கடை, குளிர்ந்த கோக். நிற்க நேரம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் நின்றோம். மாமுனோவில் போட்ஸ்வானா முத்திரை, சற்றுத் தள்ளி பைட்டபோஸில் நமீபியா முத்திரை. என் இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா முன்கூட்டியே எடுத்திருந்தேன். அதை நாமேதான் எடுக்க வேண்டும், நிறுவனம் ஒரு கடிதம் மட்டும் தரும். கடைசி இருபது கிலோமீட்டரில் காற்று அடங்கியதால் வெளிச்சம் சரியாகப் போவதற்குள் வந்துவிட்டோம். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒன்றுக்கு ஒன்று சமம், ராண்டே செல்லும். போட்ஸ்வானாவின் நாணயமான புலா மட்டும் வைத்திருந்தால் அன்று ராத்திரி முகாம் கடையில் ஒரு ஐஸ்கிரீம்கூட வாங்க முடியாது.

முகாமில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தினமும் வந்து இறங்கியதும் உப்புப் போட்ட சூப் ஒரு பெரிய அண்டாவில் இருக்கும். அன்று அண்டா கழுவிக் கவிழ்த்திருந்தது. ஆனால் சமையல்காரர் எங்களுக்கென்று தனியாக ஒரு பானையில், மூடி போட்டு, தணலில் வைத்திருந்தார். என் டப்பாவும் பக்கத்தில். குளிக்கும் இடத்தில் சூடான தண்ணீர் தீர்ந்துவிட்டது, போன் சார்ஜ் போடும் பலகையில் இடமில்லை, சமமான தரை எல்லாவற்றிலும் கூடாரம். நான் சரிவில் படுத்தேன், ராத்திரி முழுக்கக் கால் பக்கம் வழுக்கிக்கொண்டே இருந்தேன்.

ஆக, இந்த ஏற்பாட்டில் மனிதர்கள் நல்லவர்கள், பங்கீடு மோசம். வழி, சுகாதாரம், பாதுகாப்பு, மெக்கானிக் எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து. சாப்பாட்டுக்கு நாலு, அதிலும் ஒன்று அந்த டப்பாவுக்கு. பின்னால் வருகிறவரை நடத்தும் விதத்துக்கு இரண்டு. மூன்றாவது வண்டி ஒன்று வைக்கும்வரை இந்த இரண்டு ஏறாது. மணிக்கு 22-க்கு மேல் நாள் முழுக்க ஓட்டக்கூடியவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம், நான் சொன்ன குறைகளில் பாதி உங்கள் கண்ணிலேயே படாது. என்னைப் போன்றவர் என்றால் முதுகுப் பாக்கெட்டில் தினமும் சொந்தச் சாப்பாடு, பையில் ஓஆர்எஸ் பொட்டலம், சார்ஜருக்குத் தனி பேட்டரி, முள் தாங்கும் கனமான டயர், இவற்றோடு போங்கள். முதல் முறை போகிறவர்கள் கான்சி நாளில் பாதியை லாரியில் போவது என்று முந்தைய இரவே முடிவு செய்துகொள்வது நல்லது. முன்பாதியில் காற்று சாதகமாக இருந்தால் அதை ஓட்டுங்கள், பின்பாதியை விட்டுவிடுங்கள்.

வின்ட்ஹூக்கில் விலகுகிறவர்களுக்கு ஒரு கடைசித் தகவல். விமான நிலையம் ஊருக்குக் கிழக்கே 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. கடைசி நாளில் அதன் வாசலைத் தாண்டித்தான் ஊருக்குள் மிதித்துப் போவோம், மறுநாள் அதே சாலையில் டாக்சிக்குக் காசு கொடுத்துத் திரும்பி வர வேண்டும். சைக்கிளை அடைக்கும் அட்டைப்பெட்டி கட்டணத்தில் சேராது. ஊரில் சைக்கிள் கடைகளில் கேட்டால் புதுச் சைக்கிள் வந்த பெட்டியைச் சும்மாவே தருவார்கள், ஆனால் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடை இருக்காது. குழு ஊருக்குள் வரும் நாளைப் பார்த்து, இரண்டு நாள் முன்னாலேயே போன் போட்டு ஒன்றை எடுத்துவைக்கச் சொல்லிவிடுங்கள்.